காப்பீடு கைவிட்டது, பத்திரிகை அடித்தோம்: பெரம்பலூர் முதல் ஆண்டிமடம் வரை

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, பழைய கோயில், நல்ல பரோட்டாக் கடை என்றுதான் எழுதுவேன். இந்த முறை எழுதப்போவது, என் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்த கதை. முதல் நாள் பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, லப்பைக்குடிக்காடு. மறுநாள் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம். போன மாசி மாதம் போனோம். போன காரணம் புற்றுநோய். அந்த வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இந்தப் பயணத்தில் நாங்கள் அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

அக்கா பெயர் மல்லிகா, வயது நாற்பத்தேழு. பெரம்பலூரில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு சின்ன வெங்காய வியாபாரம் செய்கிறாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் வெங்காய விலை இறங்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். தை மாதக் கடைசியில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. நான் திருச்சியில் இருப்பதால் அங்கேயே ஒரு மருத்துவமனையில் காட்டினோம். கீமோவும் அறுவையும் அரசுக் காப்பீட்டு அட்டையில் வந்துவிடும் என்றார்கள். கூடவே மருத்துவர் ஓர் ஊசி எழுதினார். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் பதினெட்டு, ஒன்று இருபத்திரண்டாயிரம் ரூபாய். அந்த ஊசி எங்களுக்குக் கிடைத்த ஒப்புதலில் வரவில்லை.

அக்கா தனியாரிடம் ஒரு பாலிசியும் வைத்திருந்தாள். தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆனால் பாலிசி எடுப்பதற்கு முன்பு எடுத்த ஒரு ஸ்கேனில் 'சிறு கட்டி' என்று ஒரு வரி இருந்ததாம். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்திருப்பேன். கிழிக்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, நான்கு லட்சம் வேண்டும். நகையை அடகு வைக்கலாம் என்றேன். இணையத்தில் படத்தோடு போட்டு உதவி கேட்கலாம் என்றேன். மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மூஞ்சியப் போட்டோ புடிச்சுப் போட்டுப் பிச்ச கேக்காத. ரெண்டு ஜில்லா பூரா எங்காசு கெடக்கு. அத வாங்குவோம்."

அவள் சொன்ன காசு, மொய். வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் மொய் வைக்க வேண்டும். நாளைக்கு நம் வீட்டில் விசேஷம் வரும்போது அவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். அக்காவுக்கு இது தொழிலின் பகுதியும்கூட. எந்த விவசாயி வீட்டு விசேஷத்துக்கும் தவறாமல் போய் மொய் வைப்பாள், அறுவடைக்கு வெங்காயம் அவள் தராசுக்கு வரும். இருபத்தைந்து வருடமாக இப்படி வைத்துக்கொண்டே இருக்கிறாள். திருப்பி வாங்கியதே இல்லை, ஏனென்றால் அவளுக்கு விசேஷமே வந்ததில்லை. பிள்ளை குட்டி இல்லை, கட்டிய வீடும் அப்பாவுடையது. விசேஷம் இல்லாமல் மொய்யைக் கேட்க முடியாது. கேட்டால் அது கடன் வசூல் ஆகிவிடும், சண்டையில் போய் முடியும்.

மருந்து ஏறினால் முடி கொட்டும் என்று மருத்துவர் காலையில் சொல்லியிருந்தார். அக்கா தோசையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள், "கொட்டத்தான போவுது. அதுக்கு முந்தி கொலதெய்வத்துக்குக் குடுத்துட்டா, அது விசேஷமாயிரும்ல?"

முடியிறக்குவது எங்கள் பக்கம் குழந்தைக்குச் செய்வது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, ஆடு வெட்டி, சொந்தபந்தத்துக்கு விருந்து வைப்பார்கள். நாற்பத்தேழு வயதில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன். பன்னிரண்டு நாளில் ஆரம்பித்துவிட வேண்டும், அதற்குமேல் தள்ளக் கூடாது என்றார்.

பெரம்பலூரில் இருநூறு பத்திரிகை அடிக்க ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. அச்சகத்துக்காரர் தவழும் குழந்தை படம் போட்ட மாதிரிகளாக எடுத்து நீட்டிக் குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டார். மல்லிகா, நாற்பத்தேழு என்று அக்காவே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடைசியில் குழந்தையை எடுத்துவிட்டு இரண்டு மயில் போட்டுத் தந்தார்.

முதல் நாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை பதினாறு கிலோமீட்டர். நல்ல சாலை, இடதுபக்கம் பச்சைமலை கூடவே வரும். மாசியில் காலைக் குளிர் இன்னும் போயிருக்காது, பின்னால் உட்காருபவருக்கு ஒரு துண்டாவது வேண்டும். அக்கா மடியில் பத்திரிகைப் பையும் வெற்றிலை பாக்குத் தட்டும் வைத்துக்கொண்டு, வழியில் தெரியும் ஒவ்வொரு காட்டையும் காட்டி, யாருடையது, போன வருடம் எத்தனை மூட்டை விளைந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வழக்கமாக நான் பயணத்தில் கேட்கும் பாட்டு எதற்கும் அன்று வழியில்லை.

வேப்பந்தட்டையில் முதல் பத்திரிகை பெரியசாமி அண்ணனுக்கு. அக்காவிடம் இருபது வருடமாக வெங்காயம் போடுபவர். அவர் மகள் கல்யாணத்துக்கு அக்கா ஐயாயிரம் வைத்திருக்கிறாள். நாங்கள் ஸ்கூட்டரை நிறுத்துமுன்பே அவர் மனைவி வாசலுக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தட்டை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியசாமி அண்ணன் பத்திரிகையை வாங்கிக்கொண்டாரே தவிர நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

கடைவீதியில் டீ குடிக்கும்போதுதான் அக்கா எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். மொய்யில் வாங்கியதை அப்படியே திருப்புவதில்லை. ஐயாயிரம் வாங்கியவர் அந்த ஐயாயிரத்தோடு ஆயிரமோ ரெண்டாயிரமோ சேர்த்து வைப்பார். சேர்த்தது புது மொய். அதை நாம் அடுத்த விசேஷத்தில் திருப்ப வேண்டும், நம் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருக்கும். வாங்கியதை மட்டும் துல்லியமாகத் திருப்பினால், இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தம்.

"அத நாங்க முடிச்சுக்கறதுன்னு சொல்லுவோம்," என்றாள். "பாரு, நெறைய பேரு முடிச்சுருவாங்க. செத்துருவான்னு நெனைக்கிறவளுக்கு எவன் புதுசு வெப்பான்?"

டீ பத்து ரூபாய், நன்றாகத்தான் இருந்தது. என்னால் பாதிக்குமேல் குடிக்க முடியவில்லை.

பெரம்பலூருக்கே திரும்பி வந்து, மதியத்துக்குமேல் லப்பைக்குடிக்காடு. குன்னம் வழியாகச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளாற்றங்கரை ஊர். வளைகுடாக் காசில் கட்டிய உயரமான வீடுகள், கடைவீதியில் நல்ல நடமாட்டம். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஹாஜிரா, அக்காவின் கூட்டாளி. கணவர் துபாயில். ஹாஜிரா மகள் நிக்காஹ்வுக்கு அக்கா ஒரு கிராம் தங்க மோதிரம் போட்டிருக்கிறாள். ஹாஜிரா பத்திரிகையை முழுதும் படித்துவிட்டு, கோயில் சடங்குக்குத் தங்களால் வர இயலாது, சாப்பாட்டு நேரத்துக்குப் பந்திக்கு வந்துவிடுகிறோம், சாமிக்கு வெட்டிய கறிதான் யோசனையாக இருக்கிறது என்றாள். அவர்களுக்கென்று சாம்பார், வடை, பாயசத்தோடு தனிப் பந்தி என்று அக்கா அங்கேயே முடிவு செய்தாள். கிளம்பும்போது ஹாஜிரா எங்களுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பயணம்தான் நீளம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பத்திரண்டு கிலோமீட்டர். இந்தச் சாலையில் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போகும், தூசி கண்ணைத் திறக்க விடாது. ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் தப்பிக்கலாம். நாங்கள் எட்டு மணிக்குத்தான் கிளம்பினோம், அரியலூர் போய்ச் சேரும்போது இரண்டு பேர் புருவமும் வெள்ளையாக இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாய். அரியலூர் டவுனில் பதினாறு பத்திரிகை வைத்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து ஜெயங்கொண்டம் முக்கால் மணி நேரம். பெண்கள் ஜெயங்கொண்டத்திலேயே பெட்ரோல் பங்கில் கழிப்பறை முடித்துக்கொள்வது நல்லது, அதற்குமேல் சிரமம்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் மண் சிவப்பாகிவிடும். ஆண்டிமடம் வரை பதினைந்து கிலோமீட்டரும் முந்திரிக்காடு. மாசியில் பூவெடுத்திருக்கும், லேசான இனிப்பு வாசம் சாலை வரை வரும். போகிறவர்கள் அந்த மாதத்தில் போங்கள். அக்கா அங்கேதான் முதல் தடவையாக வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மாமாவிடம் என்ன பேசுவது என்று யோசிக்கிறேன் என்றாள்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் தாய்மாமன் வீடு. எழுபத்து நாலு வயது, மூன்று ஏக்கர் முந்திரி, பிடிவாதம் அதைவிட அதிகம். தாய்மாமன் வந்து மடி கொடுத்துச் சீர் வைக்காமல் முடியிறக்க முடியாது. அவர் வராவிட்டால் விசேஷமும் இல்லை, மொய்யும் இல்லை. பன்னிரண்டு நாளில் நான்கு போய்விட்டது.

மாமா தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது பச்சப்புள்ளைக்குச் செய்யறது. ஊரு சிரிக்கும், புள்ள. காசு வேணும்னா சொல்லு, ஒரு மரத்த வித்துத் தரேன்."

"மரத்த விக்காத மாமா. மடியக் குடு, போதும்," என்றாள் அக்கா.

மாமா திரும்பவும் சருகு கூட்டப் போனார். மாமி சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு பிரமாதம், எழுதாமல் இருக்க முடியவில்லை. கிளம்பும்போது மாமா இரண்டு கிலோ முந்திரிப்பருப்பை வண்டியில் மாட்டிவிட்டு, "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். வீடு திரும்ப இரவு எட்டரை. இரண்டு நாளைக்கும் சேர்த்து இருநூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம், பெட்ரோல் அறுநூறு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கம் ஏழு கிலோமீட்டர் உள்ளே எங்கள் குலதெய்வக் கோயில். ஒரு வேப்பமரம், வேல், சிமென்ட் குதிரை இரண்டு, அவ்வளவுதான். பஸ் காலை ஒன்று, மாலை ஒன்று. பத்தரை மணிக்குள் இருநூறு பேருக்குமேல் வந்துவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம். முடி இறக்குபவர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவைக் காணோம்.

பதினொன்றாயிற்று. மாமா எப்படியும் வந்துவிடுவார், காத்திருக்கும் நேரத்தில் மொய்யையாவது ஆரம்பிக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மேசை போட்டு, ஒருவர் எழுத, ஒருவர் மைக்கில் பெயரும் தொகையும் சொல்ல ஆரம்பித்தார். வேப்பந்தட்டை பெரியசாமி, ஐயாயிரம். அக்கா என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "முடிச்சுட்டாரு," என்றாள் மெதுவாக. அடுத்து ஒருவர் ரெண்டாயிரம். அதுவும் அக்கா வைத்த அதே தொகை. அதற்கடுத்தவர் மூவாயிரம். ஒவ்வொரு தொகைக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். ஊசிக்குப் பணம் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வந்த ஒவ்வொருவரும் அவளிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி எல்லோருக்கும் கும்பிடு போட்டாள்.

பதினொன்றரைக்கு மேளச் சத்தம் கேட்டது. ஒரு சின்ன வேனில் மாமா, மாமி, அவர் மகன், பேத்தி, சீர்த்தட்டு பதினொன்று. ஜெயங்கொண்டத்தில் வண்டி பஞ்சர் ஆகிவிட்டதாம். தட்டில் புதுச் சேலை, பழம், வெல்லம், கூடவே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. குழந்தைக்குப் போடுவதுதானே வழக்கம், அளவு மட்டும் பெரிதாக வாங்கியிருந்தார். அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் அக்காதான்.

மாமா வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேட்டியை இழுத்துவிட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து தலையை அவர் மடியில் சாய்த்தாள். கத்தி ஓடியது. இடுப்புவரை இருந்த முடி பத்து நிமிடத்தில் தாம்பாளத்துக்கு வந்துவிட்டது. மாமா தன் கையால் தலையில் சந்தனம் பூசினார். பூசி முடித்தவர் நேராக மொய் மேசைக்குப் போய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எம்மவன் கல்யாணத்துக்கு இந்தப் புள்ள பத்தாயிரம் வெச்சுச்சு. இந்தா, அது பழசு. இது புதுசு, இருவத்தஞ்சாயிரம். எம்பேத்தி ஏழாவது படிக்கிறா. அவ கல்யாணத்துக்கு இந்தக் காசு திரும்பி வரணும். யார்கிட்டயும் குடுத்தனுப்பக் கூடாது. மல்லிகாவே வந்து வெக்கணும்."

மைக்கை வைத்துவிட்டு மாமா பந்திக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வந்திருந்த ஹாஜிரா எழுந்து போய் மோதிரத்தின் விலையோடு நாலாயிரம் சேர்த்து வைத்தாள், தன் மகன் நிக்காஹ்வுக்கு இன்ஷா அல்லாஹ் அக்கா வர வேண்டும் என்று சொல்லிவிட்டு. அப்புறம் பெரியசாமி அண்ணன் கைகழுவிய ஈரத்தோடு மேசைக்குத் திரும்பி வந்தார். ஏற்கெனவே எழுதியாயிற்றே என்றார் எழுதுபவர். இது புதுசு, பேரன் காதுகுத்துக்கு வேண்டும் என்று ரெண்டாயிரத்தை நீட்டினார். அவர் பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் திரும்பி வரவில்லை, பாதிப் பேர் இருக்கலாம். அக்கா மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

விருந்துச் செலவு போக மூன்று லட்சத்துப் பத்தாயிரம் நின்றது. செவ்வாய்க்கிழமை சிகிச்சை ஆரம்பித்தது.

இனி, இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. காப்பீடு மறுத்த கடிதத்தைக் கிழிக்காதீர்கள். முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள், அங்கும் நடக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை. எங்கள் மனு அங்கேதான் இருக்கிறது, விடமாட்டேன். ஊசி எழுதிய மருத்துவரிடமே அதே மருந்து வேறு நிறுவனத் தயாரிப்பில் குறைந்த விலைக்கு வருமா, மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா என்று கேளுங்கள். கூச்சப்பட்டு நான் முதலில் கேட்கவில்லை. ஐந்தாவது ஊசியின்போது கேட்டதில் ஒன்றுக்கு ஆறாயிரம் குறைந்தது, மீதிப் பற்றாக்குறை கிட்டத்தட்ட அதிலேயே அடைந்தது. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் முதல் நாளே போய்ப் பாருங்கள். விசேஷம் வைத்துத்தான் பணம் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் இருபத்தைந்து வருட மொய் நிலுவையில் இருக்காது. ஆனால் நோயாளியைக் கேட்காமல் அவருக்காகக் கையேந்தக் கிளம்பிவிடாதீர்கள். எப்படி வாங்கினால் அவரால் தலை நிமிர்ந்து வாங்க முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

போன வாரம் பெரியசாமி அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. அறுவை முடிந்து, பதினோராவது ஊசியும் போட்டாயிற்று. அக்கா தலையில் ஒரு விரல்கடை அளவுக்கு முடி, கொஞ்சம் சுருட்டையாக முளைத்திருக்கிறது. காலில் மாமா வாங்கிய கொலுசு. மறுபடியும் என் ஸ்கூட்டரில்தான் போனோம், அதே பதினாறு கிலோமீட்டர். மேசையில் அவள் ரெண்டாயிரத்தோடு இன்னும் ஆயிரம் சேர்த்து வைத்தாள். சும்மா இருக்காமல், அந்த ஆயிரத்தைத் திருப்பி வாங்க உனக்கு இன்னொரு விசேஷம் வேண்டுமே என்று கேட்டேன்.

அக்கா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அதான் முடி வளருதுல்ல," என்றாள்.